திருமணச் சமத்துவத்துக்கு ஆதரவு சொல்லுற எம்.பி.மாருக்கு, பெண் எண்டு அடையாள அட்டை இல்லாத ஒரு மனுசியின்ர மடல்

மதிப்புக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், ஜூன் பெருமை மாசக் கூட்டங்கள ஏற்பாடு செய்யிற தோழர்களுக்கும்,

வணக்கம். நான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு திருநங்கை, வயசு 34, வீட்டில இருந்து பிளவுஸ் தைச்சுக் குடுக்கிறன். இந்த மடல எழுதுறதுக்குக் காரணம் போன ஜூன் மாசம் கொழும்பு ஏழில நடந்த அந்தக் கூட்டம். வந்திருந்தவைக்கு எந்தக் கூட்டம் எண்டு தெரியும். உங்களில ஒருத்தர் மேடையில ஏறி, ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் கல்யாணம் கட்டுற உரிமைக்கு நான் ஆதரவு எண்டு சொன்னார், சபை முழுக்க எழும்பி நிண்டு கை தட்டினது, நானும் தட்டினன், மனசாரத்தான் தட்டினன். இந்த நாட்டில ஒரு அரசியல்வாதி அத வாயத் திறந்து சொல்லுறது சின்ன விசயமில்ல, அதுக்கு உங்களுக்கு நன்றி.

பிறகு கேள்வி கேக்கிற நேரம் வந்தது. நான் எழும்பி, காகிதத்தில எங்கட பாலினத்த மாத்த விடுற பாலின அங்கீகாரச் சட்டம் எப்ப வரும் எண்டு தமிழில கேட்டன். மொழிபெயர்த்தவர் என்ர ஒரு நிமிஷக் கதைய ஒரு வரியாக்கிச் சொன்னார். வந்த பதில்: முதல்ல திருமணச் சமத்துவம் வரட்டும், மற்றதெல்லாம் அதோட தன்பாட்டில வரும். அதுக்கும் சபை கை தட்டினது. அந்த முறை நான் தட்டேல்ல.

தன்பாட்டில வராது. அதச் சொல்லத்தான் எழுதுறன்.

போன வருஷம் மழையோட எனக்கு டெங்கு வந்தது. மூண்டாம் நாள் பிளேட்லெட் 42 ஆயிரத்துக்கு இறங்கிட்டு, என்ர அவர் ஓட்டோவில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எட்டு வருஷமா நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருக்கிறம். வாசலில ஐ.சி., அதுதான் அடையாள அட்டை, கேட்டினம், குடுத்தன், தாதி மிஸ்ஸி அட்டையப் பாத்தா, என்னைப் பாத்தா, திரும்பவும் அட்டையப் பாத்தா. நான் சல்வார் போட்டிருக்கிறன், தலைமயிர் இடுப்பு வரைக்கும் கிடக்கு, அட்டையில ஆண் எண்டு கிடக்கு. ஆம்பிளையளின்ர வாட்டுக்கு அனுப்பினவை. அவவில நான் பிழை சொல்லேல்ல, அவ காகிதத்தில உள்ளதத்தான் செய்தவ. கூட வந்தவர் என்ன முறை எண்டு கேக்க, அவர் என்னைப் பாத்திட்டு, தெரிஞ்சவர் எண்டு சொன்னார்.

டெங்கு எண்டா நுளம்பு வலைக்குள்ள படுக்க வைப்பினம். வலைக்குள்ள இருக்கிற ஆளை எல்லாரும் பாக்கலாம், ஆனா வலைக்குள்ள இருக்கிறவ எங்கயும் ஒளிய ஏலாது. அதோட டெங்குக்காரருக்கு எவ்வளவு குடிச்சது, எவ்வளவு சலம் (மூத்திரம்) போனது எண்டு அளந்து சாட் எண்ட பதிவுத் தாளில எழுத வேணும், அது உயிர் காக்கிற விசயம், டொக்டர் வடிவா விளங்கப்படுத்தினவர். ஒரு சலப் போத்தில் தந்தவை. முப்பது கட்டில் இருக்கிற வாட், சுத்திவர ஆம்பிளையள், அவையின்ர கூட வந்த ஆம்பிளையள், அட்டென்டன் நோயாளி டிக்கட்டப் பாத்து என்ர பழைய பெயர உரத்துக் கூப்பிடுறார், எல்லாத் தலையும் திரும்புது. நான் அந்தப் போத்தில போர்வைக்குள்ள வச்சுக்கொண்டு விடியும்வரைக்கும் இருந்தன். போகாம இருக்க வேணும் எண்டு தண்ணி குடிக்கிறத விட்டன், ஜீவனி எண்ட உப்புச் சீனிக் கரைசல வாயில வச்சிட்டுத் துப்பினன், எவ்வளவு எண்டு கேட்டவைக்கு வாயில வந்த அளவச் சொன்னன். சாட்டில நான் சொன்ன பொய்தான் எழுதி இருந்தது. அந்த அளவ வச்சுத்தான் டொக்டர் சேலைன் முடிவெடுக்கிறார் எண்டு தெரிஞ்சும் சொன்னன். அடுத்த நாள் என்ர பொறுப்பில போறன் எண்டு கையெழுத்து வச்சிட்டு வெளியில வந்தன், அந்தக் கையெழுத்தும் பழைய பெயரிலதான். உயிர் தப்பினது என்ர நல்ல காலம்.

இப்ப சொல்லுங்கோ, அந்த இரவு திருமணச் சட்டம் இருந்திருந்தா எனக்கு என்ன நடந்திருக்கும்? அவர் தெரிஞ்சவர் எண்டு சொல்லாம கணவர் எண்டு சொல்லி இருப்பார், அது பெரிய விசயம், இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா நான் அதே வாட்டிலதான், அதே வலைக்குள்ளதான், அதே போத்திலோடதான் கிடந்திருப்பன். கல்யாணக் காகிதத்திலயும் ரெண்டு ஆம்பிளையள் எண்டுதான் எழுதி இருக்கும். அவர் ஒரு ஆம்பிளையக் கட்டேல்ல. நான் ஆம்பிளையா அவரோட வாழேல்ல.

உங்களுக்குத் தெரியாத கதை இல்ல, இருந்தாலும் சொல்லுறன். தாய்லாந்தில 2025 ஜனவரி 23ஆம் திகதி திருமணச் சமத்துவம் நடைமுறைக்கு வந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜோடியள் அண்டைக்கே பதிஞ்சினம், பாத்து நானும் அழுதனான். ஆனா அங்க ஒரு திருநங்கை இப்பவும் தன்ர காகிதத்தில ஆண் எண்டதப் பெண் எண்டு மாத்த ஏலாது, கல்யாணம் வந்திட்டு, அது தன்பாட்டில வரேல்ல. நேபாளத்தில 2023 நவம்பரில லம்ஜுங் மாவட்டத்தில ஒரு ஜோடி பதிஞ்சினம், தெற்காசியாவின்ர முதல் சமபால் திருமணம் எண்டு உலகம் முழுக்கச் செய்தி. அந்த மணமகள் ஒரு திருநங்கை. அவவ சட்டம் ஆண் எண்டு வச்சிருந்தபடியாத்தான் அது சமபால் திருமணம் ஆனது.

இந்தியாவப் பாருங்கோ, அங்க மற்றப் பக்கமா நடந்தது. 2014இல உச்ச நீதிமன்றம் பாலினத்த அவரவர்தான் தீர்மானிக்க வேணும் எண்டு சொன்னது. 2019இல தூத்துக்குடித் தம்பதி ஒண்டின்ர வழக்கில, மணமகள் எண்ட சொல்லுக்குள்ள திருநங்கையும் வருவா எண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின்ர மதுரைக் கிளை தீர்ப்புக் குடுத்தது. 2023 அக்டோபர் 17ஆம் திகதி அதே உச்ச நீதிமன்றம் சமபால் திருமணத்துக்கு மாட்டன் எண்டு சொன்னது, எங்கட தோழர்கள் எல்லாரும் உடைஞ்சு போச்சினம், நானும்தான். ஆனா அந்தத் தீர்ப்பிலயே, ஒரு திருநங்கை ஒரு ஆணைக் கட்டுறதுக்கு இப்ப இருக்கிற சட்டமே போதும் எண்டு ஐஞ்சு நீதிபதியளும் ஒத்துக்கொண்டினம். பாலின அங்கீகாரம் முதல்ல வந்த இடத்தில எங்களுக்குக் கல்யாணமும் கிடைச்சது. எங்கட நாட்டிலயும் என்ர காகிதத்தில பெண் எண்டு இருந்தா, புதுச் சட்டம் ஒண்டும் வேண்டாம், நாளைக்கே நானும் அவரும் போய்ப் பதியலாம்.

எங்கட ஆக்களுக்குள்ளயே இதப் பற்றி ஒரே கருத்து இல்ல, அதையும் நேர்மையாச் சொல்ல வேணும். கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு அக்கா, ஐம்பது தாண்டினவ, கல்யாணம் காசு இருக்கிற ஆக்களின்ர ஆசை, எனக்கு ரோட்டில நிம்மதியா நடக்க விட்டாப் போதும் எண்டுறா. அவவ எத்தின தரம் அலைஞ்சு திரிவோர் சட்டத்தில பிடிச்சிருக்கினம் எண்டு அவவுக்கே எண்ணிக்கை தெரியாது, 1841இல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. ஆள்மாறாட்டம் எண்டு தண்டனைச் சட்டத்தின்ர 399ஆம் பிரிவையும் சொல்லி வெருட்டுவினம். இன்னொரு தங்கச்சி, 22 வயசு, கல்யாணம்தான் முதல்ல வேணும், அத வச்சுத்தான் சனம் எங்கள மனுசரா நினைக்கும் எண்டு என்னோட சண்டை பிடிக்கிறா. தங்கள நாச்சி எண்டு சொல்லுற, பெண் சாயலில வாழுற சிங்களத் தோழியள் சிலர், கல்யாணம் எண்டு சத்தம் போட்டா மதத் தலைவர்கள் எழும்புவினம், அடி விழுறது உடுப்பிலயும் நடையிலயும் தெரியிற எங்களுக்குத்தான் எண்டு பயப்பிடுகினம். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்ல. தன்பாலினத் தோழர் ஒருத்தர் வேலைக்குப் போகேக்க ஒருத்தருக்கும் தெரியாமப் போகலாம், அதுவும் ஒரு வேதனை எண்டு எனக்கு விளங்கும், ஆனா நான் பஸ் ஹோல்ட்டில நிண்டாலே தெரியும்.

ஆகவே நாங்கள் திருமணத்துக்கு எதிர் எண்டு எங்கயும் கொண்டுபோய்ச் சொல்லிப் போடாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன். அதே மாதிரி எங்கட பெயரச் சொல்லி, எங்கட படத்தப் பதாகையில போட்டு, எங்கட விசயத்த ரெண்டாவதா வைக்காதேங்கோ.

இப்ப இருக்கிறது 2016இல சுகாதார அமைச்சு விட்ட ஒரு சுற்றறிக்கை. சட்டம் இல்ல, சுற்றறிக்கை. மனநல வைத்தியர் பாத்து, ஹோர்மோன், சத்திரசிகிச்சை எண்டு கதைச்சு, பிறகு சான்றிதழ், அதக் கொண்டு பிறப்புப் பதிவு, அதக் கொண்டு பத்தரமுல்லையில இருக்கிற ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போய் ஐ.சி. சொல்லேக்க நாலு படிதான். நான் மூண்டு வருஷமா முதல் படியில நிக்கிறன். போற கிளினிக்கில டொக்டர் மாறிக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு புது டொக்டருக்கும் என்ர சின்ன வயசில இருந்து திரும்பச் சொல்ல வேணும், அதுவும் எனக்கு அரைகுறைச் சிங்களம்தான் வரும், அங்க தமிழ் தெரிஞ்ச ஆள் இல்ல. மனசைப் பற்றி ஒருத்தி எந்தப் பாஷையில சொல்லுவா? கனவு காணுற பாஷையிலதானே. ஒருக்கா நான் "வெக்கமா இருக்கு" எண்டு சொன்னதுக்குச் சரியான சிங்களச் சொல் வராம வேற ஏதோ சொல்லிப்போட்டன், அத அப்பிடியே எழுதி, இவவுக்குத் தன்ர பாலினத்தில சந்தேகம் இருக்குது எண்டு அடுத்த திகதி போட்டினம். ஆறு மாசம் போச்சு. தமிழும் அரச கரும மொழி எண்டு 1987இல 13ஆம் திருத்தத்தில எழுதினவை, ஆனா எந்தக் கந்தோருக்குப் போனாலும் படிவம் சிங்களத்தில, தமிழ்ப் படிவம் முடிஞ்சுது எண்டுவினம், எப்ப முடிஞ்சது எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, தமிழ் ஆக்கள் எல்லாருக்கும் இது நடக்குது, கொழும்பிலயே இப்பிடி எண்டா மட்டக்களப்பு, வவுனியாவில இருந்து கிளினிக்குக்கு இரவு பஸ் ஏறி வாற பிள்ளையளின்ர நிலைமை என்ன?

மன்னிக்க வேணும், கோவம் வந்திட்டு. கேக்க வந்ததக் கேக்கிறன்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிற தண்டனைச் சட்டத்தின்ர 365, 365அ பிரிவுகள் இன்னும் சட்டத்தில கிடக்கு, வெள்ளைக்காரன் காலத்தில இருந்து கிடக்கு. 1995இல திருத்தேக்க அதத் தூக்காம பெண்களையும் சேத்து விட்டவை. 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம், அதக் குற்றமில்லை எண்டு ஆக்கிறதுக்கு ஒரு எம்.பி. தனியாக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு தெளிவாச் சொல்லிட்டு, பிறகும் வாக்கெடுப்பு நடக்கேல்ல, 2024இல நாடாளுமன்றம் கலைஞ்சு அதுவும் போச்சு. இந்தப் பிரிவுகளத் தூக்கிறதுக்கு யாரும் யாரையும் காத்திருக்கத் தேவையில்ல, அதச் செய்யுங்கோ. அதோட சேத்து பாலின அங்கீகாரச் சட்டமூலம் ஒண்டக் கொண்டுவாங்கோ. நான் பெண் எண்டு நான் எழுதிக் கையெழுத்து வச்சா அது போதும் எண்டு இருக்க வேணும், உடம்பில கத்தி வச்சாத்தான் எண்டு இருக்கக் கூடாது. அத எழுதிற மேசையில திருநங்கையளும் திருநம்பியளும் இருக்க வேணும், அதில தமிழ் கதைக்கிற ஆக்கள் இருக்க வேணும். திருமணச் சட்டம் எழுத ஒரு குழு போடுறதா சொன்னீங்கள், நல்லது, அந்தக் குழுவின்ர முதல் வேலையா பாலின அங்கீகாரத்த வையுங்கோ. முதல் வேலையா வையுங்கோ எண்டுதான் தாழ்மையாக் கேக்கிறன், அதுக்குப் பிறகு கல்யாணத்துக்கு நான் உங்களோட ரோட்டில வந்து நிப்பன், அவரும் வருவார்.

இந்த மாசம் 19ஆம் திகதி எனக்குத் திரும்பக் கிளினிக். மழை தொடங்கிட்டு, எங்கட ஒழுங்கையில தண்ணி நிக்குது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டன். எனக்கு ரெண்டாம் தரம் டெங்கு வந்தா நான் அந்த வாட்டுக்குப் போகமாட்டன் எண்டு அவருக்குச் சொல்லி வச்சிருக்கிறன், அவர் அதுக்கு ஒண்டும் பேசாம வெளியில போய் ஓட்டோவத் துடைச்சுக்கொண்டு நிண்டார்.

பதில் தமிழில அனுப்புங்கோ. உறையில என்ர பெயருக்கு முன்னால செல்வி எண்டு போடுங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து
ஒரு திருநங்கை