பூம்பாறையிலிருந்து ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

தை மாதம் வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு போகும்போது, பிக்கப்பில் உட்கார்ந்திருந்த என் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டு மாமா மூட்டைகளோடு நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். அந்த லோடில் என்ன நஷ்டம் என்று இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை. மாமா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

எம்.ஆர்.ஐ.யில் இடப்பக்க மூளையில் கட்டி தெரிந்தது. ஊசி மருந்து போட்டும் அது ஒளிரவில்லை. "சாதுவான கட்டிதான், ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம்" என்றார்கள் ஓர் இடத்தில். எங்களுக்கும் அதை நம்பத்தான் ஆசை.

மதுரையில் பார்த்த ரேடியாலஜி டாக்டரம்மா அதோடு விடவில்லை. மருந்தில் ஒளிராத கட்டியிலும் வீரியமானவை உண்டு என்று சொல்லி, ரத்த ஓட்டம் பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனும், கட்டியிலுள்ள ரசாயனங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் எடுத்தார். வீரியமான கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளுமாம். அங்கே ரத்தம் கூடுதலாகத் தெரியும். திரையில் ஓர் ஓரமாக, பூண்டுப் பல் அளவு இடம் மட்டும் சிவந்திருந்தது. அதே இடத்தில் கோலின் என்ற ரசாயனம் ஏறியிருந்தது, செல்கள் வேகமாகப் பெருகுவதால். நரம்பணுக்கள் நலமாக இருந்தால் உயரமாக நிற்கவேண்டிய என்.ஏ.ஏ. என்ற இன்னொரு ரசாயனத்தின் கோடு குட்டையாக நின்றது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அம்மாவுக்கும் புரிகிற மாதிரி அரைமணி நேரம் சொன்னீர்கள், டாக்டர். ஸ்கேன் சொல்வது கணிப்புதான், சில வகைக் கட்டிகளில் வீரியம் குறைந்த தரம் 2-லேயே ரத்தம் கூடுதலாகக் காட்டும், திசுவும் மரபணுச் சோதனையும்தான் முடிவு என்பதையும் மறைக்கவில்லை.

மூளையில் பேச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு ஸ்கேன். 'ப'வில் தொடங்கும் சொற்களை மனசுக்குள் சொல்லச் சொன்னார்களாம். பூண்டு, பூம்பாறை, பழனி என்று அடுக்கியிருக்கிறார் அண்ணன். ஸ்கேன் மெஷின் சத்தத்தில் பயந்து எழப்பார்த்தவரிடம் மைக்கில் பேசிப்பேசியே அசையாமல் படுக்கவைத்த டெக்னீசியன் தம்பிக்கு நன்றி.

அறுவை டாக்டர் அந்தச் சிவந்த இடத்துத் திசுவைத் தனியாக எடுத்து அனுப்பினார். வீரியமான தரம் 3 என்று வந்தது. வேறு பக்கத்துத் துண்டு மட்டும் போயிருந்தால் தரம் 2 என்றே வந்திருக்கலாம் என்றார். முகம் தெரியாத அந்தப் பரிசோதனைக்கூட டாக்டருக்கும் நன்றி.

அப்புறம், குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் பணம் திரட்டியவர்களுக்கும், எங்கள் பாத்திக்கு நாள் தவறாமல் தண்ணீர் விட்ட அக்காக்களுக்கும் எப்படி நன்றி சொல்ல!

கதிர்வீச்சு முடிந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். வந்து பேசுங்கள். சொல் தடுமாறினால் எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள், அவரே சொல்லிவிடுவார்.