பிள்ளைகள் பெயரில் ஒரு வீடு

சான் ஹோசே, கலிபோர்னியா
மே 12

அன்புள்ள மீனாட்சி,

உன் நீண்ட கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். மகள் வேலை மாறியிருக்கிறாள். பேத்தி உயர்நிலைப் பள்ளியில் சேரப்போகிறாள்.

டொராண்டோவில் இருக்கும் உன் பேரன் நீ தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறான் என்றும், குடும்பத்தின் கதை உன்னோடு நின்றுவிடுமோ என்றும் எழுதியிருந்தாய். என் வீட்டு நிலைமையும் அதுவே என்பதால் உனக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அதே கேள்வியோடு நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்துவரும் ஜப்பானிய அமெரிக்கச் சமூகம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜப்பான்டவுன் எனப்படும் ஜப்பானியர் பேட்டைகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் உள்ளவற்றோடு சான் ஹோசேயில் இருப்பது மூன்றாவது. நாம் கல்லூரியில் படித்த வரலாறு 1941இல் பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஜப்பான் போட்ட குண்டுகளைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டது. இந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கு வந்த பிறகுதான் படித்தேன்.

இவர்கள் தலைமுறைகளை எண்ணிக்கையால் அழைக்கிறார்கள். குடியேறி வந்தவர் இஸ்ஸெய், அவர் பிள்ளைகள் நிஸெய், பேரப்பிள்ளைகள் சான்ஸெய், அதற்கடுத்தவர் யோன்ஸெய். இஸ்ஸெய்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்பது அன்றைய சட்டம். குடிமக்களாகத் தகுதியற்றவர்கள் நிலம் வாங்கக்கூடாது என்று கலிபோர்னியா 1913இல் இன்னொரு சட்டமும் இயற்றியது. அவர்களுடைய பிள்ளைகளோ இந்த மண்ணில் பிறந்ததனாலேயே குடிமக்கள். ஆகவே பலர் தங்கள் சேமிப்பைக் கொண்டு குழந்தைகளின் பெயரில் சொத்து வாங்கினார்கள்.

ரிவர்சைடு நகரில் உணவகம் நடத்திவந்த ஜூகிச்சி ஹராடா 1915இல் மினே, சுமி, யோஷிசோ என்ற தம் மூன்று சிறு பிள்ளைகளின் பெயரில் ஒரு வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி, கூடுதல் விலை தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர் இணங்காததால் மாநில அரசே வழக்குத் தொடுத்தது. தந்தைக்கு இல்லாத உரிமை அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு உண்டு என்று 1918இல் தீர்ப்பு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்து இறங்கி வருவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே தகப்பன் சட்டப்படி பிள்ளைகளின் வீட்டில் குடியிருந்தார். இந்தத் தலைகீழ் உறவைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானோடு போர் மூண்டபின், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் குடிமக்கள். அதற்கு முன்பே, சோதனைக்கு வருவார்கள் என்று அஞ்சிய குடும்பங்கள் ஊரிலிருந்து வந்த கடிதங்களையும் புகைப்படங்களையும் ஜப்பானிய நூல்களையும் தாங்களே தீயிலிட்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக வரவேண்டிய பொருள்கள் ஒரு சில இரவுகளில் சாம்பலாயின. முகாமில் சமையலறை என்று ஒன்று குடும்பத்துக்கு இல்லை; எல்லாரும் பொது உணவுக்கூடத்தில் வரிசையில் நின்று சாப்பிட வேண்டும். பிள்ளைகள் தம் வயதுத் தோழர்களோடு தனி மேசைக்குப் போய்விட்டார்கள்; தந்தை தலைமையில் சேர்ந்து உண்ணும் வழக்கம் அங்கேயே குலைந்தது. 1943இல் அரசு ஒரு படிவத்தைக் கொடுத்து, ஜப்பானியப் பேரரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறாயா என்று கேட்டது. இஸ்ஸெய் ஒருவர் ஆம் என்றால் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராகிவிடும் நிலை. அதே கேள்விக்குப் பிள்ளை ‘இல்லை’ என்று பதில் எழுதினால் அவன் துரோகி. ஒரே கொட்டகைக்குள் தந்தைக்கும் மகனுக்கும் பகை மூண்ட குடும்பங்கள் பல.

ஹராடாவும் அவர் மனைவி கென்னும் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமிலேயே இறந்தார்கள். மகள் சுமி போருக்குப் பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பி, போக்கிடம் இல்லாமல் வந்த மற்ற குடும்பங்களுக்கும் அதில் இடம் கொடுத்து, முதுமை வரை அங்கேயே வாழ்ந்தார். அந்த வீடு 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

மீண்டு வந்த நிஸெய்கள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளை ஆங்கிலத்தில் வளர்த்தார்கள். முகாமைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். அதை அவமானத்தின் மௌனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. தாங்கள் பட்ட பாடு பிள்ளைகளின் நெஞ்சில் கசப்பாக இறங்கிவிடக் கூடாது என்ற பெற்றோரின் கணக்கும் அதில் இருந்திருக்கும். எப்படியிருந்தாலும், கதவைத் திறந்தவர்கள் மூன்றாம் தலைமுறையினர். ஜப்பானிய மொழி அறியாத சான்ஸெய் மாணவர்கள் 1969 டிசம்பர் குளிரில் மன்சனார் முகாம் இருந்த இடத்துக்குப் பயணம் போனார்கள். அந்தப் பயணம் பின்னர் ஆண்டுதோறும் நடப்பதாயிற்று. 1981இல் அரசு விசாரணை ஆணையம் நகரம் நகரமாக அமர்ந்தபோது 750க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். தாயும் தந்தையும் என்ன பட்டார்கள் என்பதை அந்தப் பொது மண்டபத்தில்தான் முதன்முதலாகக் கேட்ட பிள்ளைகள் உண்டு. 1988இல் சட்டம் நிறைவேறி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்போடு 20,000 டாலர் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. முதியவர்களுக்கு முன்னுரிமை என்பதால் 1990இல் முதலில் பெற்றவர்களில் 107 வயதான ஒரு போதகரும் இருந்தார். பெரும்பாலான இஸ்ஸெய்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மொழி போனால் எல்லாம் போயிற்று என்று நாம் இருவரும் பேசியிருக்கிறோம். இவர்களைப் பார்த்த பிறகு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். அதற்காக, மொழி இழப்பு சிறிய இழப்பு என்றும் சொல்லமாட்டேன். பாட்டியின் கடிதத்தைப் படிக்க ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போவது கொடுமைதான். ஆனால் பேரப்பிள்ளைகள் கையில் இன்று இருப்பது தாத்தா கொண்டுவந்த அதே சரக்கு அல்ல. இவ்வூரின் தைக்கோ என்னும் ஜப்பானிய முரசுக் குழுவை 1973இல் தொடங்கியவர்கள் இளம் சான்ஸெய்கள். பல முரசுகளைச் சேர்த்து ஒரு குழுவாக முழக்கும் அந்த முறையே ஜப்பானில் 1951 வாக்கில் ஒரு ஜாஸ் கலைஞர் உருவாக்கியதாம். முரசு பழையது, மேடை புதியது. போலி என்று ஒதுக்கத்தான் முதலில் எனக்கும் தோன்றியது. நேரில் கேட்டபின் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

ஜூலையில் நீ டொராண்டோவுக்கு வரும்போது இங்கும் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போ. அந்த மாதத்தில்தான் இங்குள்ள பௌத்தக் கோயிலில் முன்னோரை நினைக்கும் ஓபோன் விழா. மாலையில் தெருவில் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள், யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். உன் பேரனையும் அழைத்து வா. உன் முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாம் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வோம். பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் தேதியை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தோழி
ராஜேஸ்வரி