பலூன் இல்லாத பர்த்டே

நோர்வூட்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள ராணிக்கு,

நலம், நலமறிய ஆவல். (இதை எழுதலைன்னா நம்ம தமிழ் டீச்சர் கனவுல வந்து காதைத் திருகுவாங்க.) நீ மூணு தடவை கோல் எடுத்தும் நான் தூக்கல. போன்ல சொன்னா நீ பாதியிலயே சிரிச்சு என்னையும் சிரிக்க வச்சிடுவே. விசயம் அப்படிச் சிரிச்சுத் தள்ளுறது இல்ல, அதான் கடதாசி.

போன கிழமை பாப்பாவுக்கு ஆறு முடிஞ்சுது. கேக் வெட்டினோம். பலூன் கட்டல. மாமியா அன்னையிலிருந்து என்னோட முகம் குடுத்துப் பேசுறதில்ல.

போன வருசம் நீயே வந்து பார்த்தே. ஐம்பது பலூன், ஜிகினா மாலை, ரெஜிபோம்ல, அதான் அந்த வெள்ளைத் தெர்மோகோல்ல, வெட்டின பேரு. நீ போனப்புறம் நடந்ததை உனக்குச் சொல்லல. குப்பை வண்டி டவுனோட திரும்பிடும், நம்ம தோட்டத்து லயத்து வீட்டு வரிசைப் பக்கம் எட்டிப் பார்க்காது. அவரு எல்லாத்தையும் அள்ளிப் பின்னால போட்டுக் கொளுத்தினாரு. அந்தப் புகையில பாப்பாவுக்கு வீசிங் வந்து, விடிய விடிய நெஞ்சைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஜூன் மழையில கழிவுத் தண்ணி ஓடுற கான் அடைச்சு, தண்ணி வாசல் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் ஏறிடுச்சு. மம்பட்டியைப் போட்டுக் கிளறினா, பாதி கருகின ரெஜிபோம் எழுத்து ஒண்ணு மேல மிதந்து வருது. என் புள்ளையோட பேர்ல முதல் எழுத்து. வயித்தைக் கலக்கிடுச்சுடி.

அந்தக் கான் எங்க போகுதுன்னு யோசிச்சியா? கெசல்கமு ஓயா ஆத்துக்கு. அது காசல்ரீ குளம், நோட்டன் அணை எல்லாம் தாண்டி, மஸ்கெலியா ஓயாவோட சேர்ந்து களனி கங்கையாகுது. கொழும்புக்குப் பக்கத்துல அம்பத்தலையில அதை அள்ளிச் சுத்தம் பண்ணித்தான் உன் குசினிக் குழாய்ல விடுறாங்க. ஆக, என் மகளோட பர்த்டேயை நீ ஒரு வருசமா வடிகட்டிக் குடிச்சுக்கிட்டு இருக்கே.

அதனால இந்தத் தடவை பிளாஸ்டிக்கே வேணாம்னு நின்னுட்டேன். நம்ம வாழை இலையெல்லாம் காத்துல நார் நாராக் கிழிஞ்சு கிடந்துச்சு. அவரு புலம்பிக்கிட்டே பஸ் ஏறி, கினிகத்தேனையில இறங்கி ஒரு கட்டு கொண்டாந்தாரு. பின்னால கட்ட என்னோட கூறைச் சேலை. ரோட்டோரம் பந்து பந்தா நீலமாப் பூக்குமே, அதை அறுத்து வாளியில வச்சோம். பாயாசம் ஊத்த, தயிர் வாங்கிற மண் சட்டி. லயம் பூராக் கேட்டா, ஒவ்வொரு வீட்டுலயும் கட்டிலுக்கு அடியில ரெண்டு மூணு! முப்பத்தி நாலு சேர்ந்துச்சு. டவுன் கடைக்காரர் மட்டும், 'எதுக்கு டீச்சர் கஷ்டம்'னு மேசைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் தட்டை எடுத்து நீட்டினாரு. சோறு கட்டுற பொலித்தீன் லன்ச் சீட்டுக்கு 2017ல தடை வந்துச்சு, தட்டு கரண்டி ஸ்ட்ரோவுக்கு 2023 ஒக்டோபர்ல. மேசைக்கு அடியில இன்னும் வரல போல.

புள்ளைங்களுக்குக் குடுத்தனுப்ப மிளகாய்க் கன்று சொல்லி வச்சிருந்தேன், தவறணையில, கன்று வளர்க்கிற நாற்றுப் பண்ணையில, வேலை செய்யுற அக்காகிட்ட. (தவறணைன்னு உன் யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடாதே, மனுசன் கள்ளுக்கடைன்னு கணக்குப் போட்டு பஸ் ஏறிடுவாரு.) அக்கா ஆசையாக் கொண்டாந்து வச்சாங்க பாரு, ஒவ்வொரு கன்றும் கறுப்புப் பொலித்தீன் பையில! ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அவரும் சிரட்டை பொறுக்கி ஓட்டை போட்டு மாத்தி நட்டோம்.

புள்ளைங்க சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க. கிளித்தட்டு ஆடி, சேறு பூசி, கேக்கை மறந்தே போச்சுங்க. பந்தி முடிஞ்சு இலை எடுக்கிறப்பதான் மாமியா சொன்னாங்க, சத்தம் போடல, மெதுவாத்தான்: "நாங்க வக்கில்லாம இலையில தின்னோம். நீ கையில சம்பளத்தை வச்சுக்கிட்டு என் பேத்திக்கு இலையைப் போடுற."

எனக்கு வாயில பதிலே வரல, ராணி. வகுப்புல நின்னு சுற்றாடல் பாடம் அரை மணி நேரம் மூச்சு விடாம நடத்துறவ நான்.

மாமியாவோட அடையாள அட்டையில இருக்கிற பிறந்த திகதி தோட்டத்துக் கிளாக்கர் போட்டது. ஆடி மாசம், பெரிய மழைன்னு அவங்க அம்மா சொன்னாங்களாம். அவரா ஒரு நாளைக் குறிச்சுக்கிட்டாரு. 1948ல நீங்க இந்த இலங்கை நாட்டுக்காரங்களே இல்லன்னு சட்டம் போட்டுச் சொன்ன தோட்டத்துச் சனம். பிறந்த நாடே இல்லாதவங்களுக்குப் பிறந்த நாள் எதுக்குன்னு யாரு கேட்டா? பேத்திக்குத்தான் மொத மொதல்ல ஒரு திகதி, ஒரு மணி, ஆஸ்பத்திரிச் சீட்டு. அந்த ஐம்பது பலூனும் மாமியா தன் கையால ஊதினது. நான் குப்பைன்னு கூட்டித் தள்ளினதுல அதுவும் கிடந்துச்சுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

அதுக்காக, அடுத்த வருசம் திரும்ப ரெஜிபோம் வாங்குவேனா? மாட்டேன். அந்த வீசிங் ராத்திரியை மறக்க முடியல. ஆனா அவங்ககிட்ட கெசல்கமு ஓயா கதை சொல்லவும் நாக்கு எழும்பல. நீயா இருந்தா என்னடி செய்வே?

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப இஸ்தோப்புத் தூண்ல ஒரே ஒரு சிவப்பு பலூன் கட்டியிருந்துச்சு. மாமியா டவுனுக்குப் போய் வாங்கினதாம். பாப்பா அதுக்குப் பேரு வச்சு, தினம் குட் மோர்னிங் சொல்லிக்கிட்டு இருக்கா. சுருங்கிக்கிட்டே வருது, இன்னும் வெடிக்கல. நானும் ஒண்ணும் கேக்கல, அவங்களும் ஒண்ணும் சொல்லல.

சின்னவனுக்குச் சித்திரையில வருது தானே? ஃபிளாட்ல வாழைக்கு எங்க போவே. சட்டி வேணும்னா சொல்லு, பதினொண்ணு மிச்சம் இருக்கு, ரெண்டு கீறல்.

இப்படிக்கு,
உன் மல்லிகா