டாட் காம் வாடகை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகளுக்குப் பரீட்சை, அதோடு வீட்டுக்காரர் வாடகை ஏற்றுகிறேன் என்று வந்து நிற்கிறார். அம்மா சுகம், உன்னை விசாரித்தார்.

வாடகை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் வாசகர் வட்டத் தளத்தின் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க பில் வந்தது, 1,400 ரூபாய். முதல் வருஷம் 300கூட ஆகவில்லை. ஏன் இவ்வளவு என்று கேட்டு எழுதினால், மேலே விலை ஏறிவிட்டது என்று ஒரே வரியில் பதில். விற்பவரும் தன் பங்குக்கு ஏற்றியிருப்பார் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த ‘மேலே’ என்ன நடக்கிறது என்று தேடிப் படித்தேன், தூக்கமே போய்விட்டது.

டாட் காம் பட்டியல் முழுக்க வெரிசைன் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். பெயர் விற்பவர்களிடம் அது ஒரு பெயருக்கு வருஷத்துக்கு வாங்கும் மொத்த விற்பனை விலை 2012 முதல் 7.85 டாலரில் நின்றிருந்தது. 2018இல் அமெரிக்க வணிகத் துறை கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பும் 2020இல் ஒப்புக்கொண்டது, 2021இலிருந்து வருஷத்துக்கு ஏழு சதவீதம் என்று நாலு தடவை ஏற்றி 2024இல் 10.26 டாலர் ஆக்கிவிட்டார்கள். இவ்வளவுக்கும் ஏலமோ போட்டியோ கிடையாது, ஒப்பந்தம் முடிந்தால் அதே நிறுவனத்துக்கே புதுப்பிக்கிறார்கள். ஒரு பட்டியலை வைத்திருக்க வருஷா வருஷம் செலவு ஏழு சதவீதம் கூடுகிறதா என்ன?

உன் அறக்கட்டளைத் தளத்தின் பெயர் டாட் ஆர்க்கில்தானே (.org) இருக்கிறது, அதனால் இதைக் கேள். அதற்கு இருந்த விலை உச்சவரம்பை 2019 ஜூனில் எடுத்தார்கள். அதற்கு முன் கருத்துக் கேட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், பெரும்பாலும் வேண்டாம் என்றுதான். கேட்கவில்லை. அதே வருஷம் நவம்பரில், டாட் ஆர்க்கைக் கையில் வைத்திருக்கும் இன்டர்நெட் சொசைட்டி என்ற அமைப்பு அதையே ஈத்தாஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டுக் கம்பெனிக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கக் கிளம்பியது, பெரிய எதிர்ப்பு எழுந்து, கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலும் கடிதம் எழுதிய பிறகுதான் 2020 ஏப்ரலில் ஐகேன் மறுத்தது. வரம்பு நீக்கத்தை மூடிய அறையில் பேசியது ஐகேனின் சொந்த விதிகளுக்கே முரண் என்று 2022 டிசம்பரில் நடுவர் குழுவே சொல்லிவிட்டது.

பிடிக்காவிட்டால் வேறு பெயருக்குப் போ என்கிறார்கள். எப்படிப் போவது? இந்த வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸாவது திரும்பக் கைக்கு வரும். பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள், அச்சடித்த மலர்கள், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அந்தப் பெயரில் இருக்கின்றன, நாளைக்கு அதை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டால் நம்மைத் தேடி வருபவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள். நமக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துதான் ஏற்றுகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரே தடவையில் பத்து வருஷத்துக்குக் கட்டி வைக்கலாம். நான் கடன் வாங்கியாவது கட்டப்போகிறேன். உன் அறக்கட்டளைப் பெயர் எந்தத் தேதியில் முடிகிறது, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ரவி