கோடியக்கரையில் மிதிவண்டிக்கு வழிவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. அவற்றைக் காண மக்களும் வருகிறார்கள். வெளிமான்களைக் காக்க 1967இல் அறிவிக்கப்பட்ட இச்சரணாலயம், 2002இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சரின் பட்டியலில் சேர்ந்து, தமிழகத்தின் முதல் ராம்சர் ஈரநிலமானது. பருவ மாதங்களிலாவது சுற்றுலா வாகனங்களைச் சோதனைச் சாவடியோடு நிறுத்தி, அதற்கப்பால் நடந்தோ மிதிவண்டியிலோ மட்டும் பார்வையாளர்களை அனுமதிக்க வனத்துறை முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வேதாரண்யம் சதுப்பில் மழைநீரும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து, ஆழமற்ற நீர்ப்பரப்பு உருவாகிறது. அந்தச் சேற்றில் பெருகும் சிற்றுயிர்களை நம்பித்தான், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்த கொசு உள்ளான் போன்ற சின்னஞ்சிறு பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வந்து சேர்கின்றன. பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, வடிகட்டி உண்பதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நெடும்பயணத்தில் கரைந்துபோன கொழுப்பை உடலில் மீண்டும் சேர்த்துக்கொண்டால்தான் அவற்றால் திரும்பிப் பறக்க முடியும். ஒரு வண்டியின் ஒலிப்பானுக்கு அஞ்சி கூட்டம் முழுவதும் எழும்பும்போது, அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. படம் எடுப்பதற்காகவே பறவைகளைக் கிளப்பிவிடுவோரையும் பார்க்கிறோம். இதை வேடிக்கை என்று விட்டுவிடக் கூடாது.

மிதிவண்டிக்கு இதைவிட ஏற்ற நிலம் அமைவது அரிது. மேடு என்று சொல்ல இராமர் பாதம் இருக்கும் மணற்குன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி இடையிலான 37 கிலோமீட்டர் பாதை அகலப்படுத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. அகஸ்தியம்பள்ளி நிலையத்தில் இறங்குவோருக்கு வாடகை மிதிவண்டி கிடைத்தால், உப்பளங்களின் ஓரமாகவும் கோடியக்காட்டின் பசுமைமாறாக் காட்டின் வழியாகவும் மெதுவாகச் சென்று சேரலாம். காரில் வேகமாகப் போவோருக்குப் புதரோரம் நிற்கும் வெளிமான்கூடத் தென்படுவதில்லை. வாடகை நிலையத்தையும் பறவை வழிகாட்டிப் பணியையும் கோடியக்காடு, கோடியக்கரை இளைஞர்களிடமே ஒப்படைக்க வேண்டும். வலசையை அறியப் பறவைகளின் காலில் வளையமிடும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலம் நடத்திய இடம் இது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி வந்து ஆய்ந்த மண். இங்கு வளரும் பிள்ளைகள் உள்ளான் வகைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்களாக வளர வேண்டாமா?

இக்கட்டுப்பாடு ஊர்மக்களின் வண்டிகளுக்கோ, மீன் ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கோ ஒருபோதும் பொருந்தக் கூடாது. அந்தச் சாலை மீனவர்களின் வாழ்வாதாரம். முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் மின்கலத்தில் ஓடும் ஓரிரு வண்டிகள் போதும். நடப்போருக்கும் ஒழுங்கு தேவை: சேற்றுப் பரப்பில் இறங்காமல் குறிக்கப்பட்ட பாதையிலேயே செல்ல வேண்டும், நெகிழிப் பைகளைக் காட்டில் விட்டுவரக் கூடாது.

உடனடியாக முழுமையாகச் செய்வது கடினமெனில், வரும் டிசம்பர், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது இதைச் சோதனை முறையில் நடத்தி, ஊர் மக்களின் கருத்தையும் கேட்டு முடிவெடுக்குமாறு வனத்துறையையும் நாகப்பட்டினம் மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.