மரபணு பார்த்து டயட் எழுதித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

எச்சில் மாதிரியை வாங்கி, "உங்களுக்கு மாவுச்சத்து ஆகாது", "உங்களுக்குக் கொழுப்பு ஆகாது" என்று டயட் அட்டை அனுப்பும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

எடையில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதில் உங்களோடு எங்களுக்கு வழக்கில்லை. 1990-இல் கனடாவில் குளோட் புஷார் குழுவினர், ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒருகரு இரட்டையர் 12 ஜோடிக்கு 100 நாளில் 84 நாள், தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3. ஆனால் கூடப்பிறந்த இரட்டையர் இருவருக்கும் பெரும்பாலும் ஒட்டியே ஏறியது.

வழக்கு அடுத்த அடியில்தான். 2018-இல் ஏழு லட்சம் பேரின் தரவை அலசியபோது, எடையோடு தொடர்புள்ள 900-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரிந்தன. அத்தனையும் சேர்ந்தே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தைத்தான் விளக்கின. உங்கள் அட்டையில் இருப்பவை எத்தனை?

பிபிஏஆர்ஜி, ஏடிஆர்பி2, எஃப்ஏபிபி2 என்ற மூன்று மரபணுக்களை வைத்து டயட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நம்பிக்கை, சுமார் நூறு பெண்களின் பழைய தரவிலிருந்து 2010-இல் கிளம்பியது. அதை நேராகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர். 609 பேர், 12 மாதம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. மரபணுவுக்குப் 'பொருந்திய' டயட் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறங்கவில்லை. அதே நேரம், ஒவ்வொரு டயட்டுக்குள்ளும் அதிகம் இறங்கியவருக்கும் ஏறியவருக்கும் இடையே சுமார் 40 கிலோ இடைவெளி! அதற்கான காரணம் அந்த மூன்று மரபணுக்களிடம் இல்லை.

எஃப்டிஓ என்ற மரபணுவில் எடையைக் கூட்டும் வகையைச் சிவப்பில் அச்சிட்டு "எடை குறைவது கடினம்" என்கிறீர்கள். அந்த வகையின் இரு பிரதிகளும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) உள்ளவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை கொண்டவர்கள், உண்மைதான். ஆனால் 9,563 பேரைக் கொண்ட எட்டுப் பரிசோதனைகளை 2016-இல் தொகுத்துப் பார்த்ததில், அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே எடை குறைந்தது. அந்தச் சிவப்பு வரியை நீக்குங்கள்.

வாடிக்கையாளர் உங்களை நம்பக் காரணம் தண்ணீர். மாவுச்சத்தைக் குறைத்ததும் உடல் சேமித்து வைத்துள்ள மாவுச்சத்தான கிளைகோஜன் கரைகிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. முதல் வாரத்திலேயே எடை முள் இறங்க, "என் ஜீனுக்குப் பொருந்திவிட்டது" என்று மகிழ்கிறார்.

அட்டைக்குப் பதில் இதை அச்சிடுங்கள்: காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் தினமும் எடை பார்க்கவும். ஒருநாள் எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியைக் குறிக்கவும். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 12 வாரத்தில் சராசரி அசையாவிட்டால் டயட்டை மாற்றவும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு முறையே போதும்: எட்டு வாரத்துக்குள் நாளுக்கு 20 கிராம் கொழுப்பு அல்லது மாவுச்சத்து வரை இறங்கி, பிறகு வாரம் 5 முதல் 15 கிராம் கூட்டி, காலத்துக்கும் தாங்கக்கூடிய அளவில் நிற்பது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மரபணுச் சோதனை உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்: ஐந்து வயதுக்குள் கடும் பருமனும் அடங்காப் பசியும் உள்ள குழந்தைகள். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்காத அரிய குறைபாட்டுக்கு ஊசி மருந்தே உண்டு. அப்படி ஒரு பிள்ளையின் பெயரில் மாதிரி வந்தால் டயட் அட்டை அனுப்பாதீர்கள். குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் போகச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் துறையினர் சிலர்