சொந்தப் படக்கடை போடலாமா: சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்கு வலது கண்தான் காரணம். புரை எடுத்தார்கள். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றதால் பேத்தியை வாசிக்கச் சொல்லித்தான் உன் கடிதத்தைக் கேட்டேன். பூச்சிப் பெயர் வரும் இடத்திலெல்லாம் அவள் தடுமாற, நான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். கட்டு அவிழ்த்த அன்று ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தவள் அழுதுவிட்டேன் சரோ. அத்தனை நீலம்! உள்ளே இருந்த லென்ஸ் மஞ்சளித்துப் போனது தெரியாமலே இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் இன்னொரு சங்கதி. கடைசி நாலைந்து வருஷப் படங்களில் பாதிக்கு மேல் நீலம் தூக்கலாக நிற்கிறது. மஞ்சளைக் குறைக்கிறோம் என்று நினைத்து நானே ஏற்றியது. கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்புகள், அதுதான் ரா கோப்புகள், பத்திரமாக இருப்பதால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்படித் திருத்தும்போதெல்லாம் உன் கேள்விதான் மனதில் ஓடியது. படங்களை நமக்காக விற்றுத் தரும் ஏஜென்சிகளுக்குக் கொடுத்தது போதும், சொந்தமாக ஸ்டாக் போட்டோ தளம், அதாவது எடுத்து வைத்த படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்கும் கடை, தொடங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தொடங்கு என்றுதான் சொல்வேன். ஆனால் நீ போட்டு அனுப்பியிருக்கும் திட்டத்தில் முக்கால்வாசியை வெட்டிவிட வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

பங்கு விஷயத்தில் உன் ஆற்றாமை நியாயமானதுதான். பெரிய ஏஜென்சியான ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி படம் எடுத்தவருக்கு 15 முதல் 40 சதவீதம். விற்பனை கூடக் கூடத்தான் பங்கு ஏறும், ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். அடோபி ஸ்டாக்கில் புகைப்படத்துக்கு 33 சதவீதம். ஐஸ்டாக்கில், அவர்களுக்கு மட்டுமே கொடுப்பதாக ஒப்பந்தம் போடாதவர்களுக்கு 15. சொந்தத் தளம் என்றால் பணம் வசூலித்துத் தருபவரின் கட்டணம் போக மிச்சமெல்லாம் நமக்குத்தான். கணக்கை அந்த வரியோடு நிறுத்தினால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. நாம் பேச்சு விட்டிருந்த அந்த மூன்று வருஷமும் நான் ஒரு தளம் நடத்தினேன். எட்டாயிரம் படம் ஏற்றினேன். மலை, மேகம், கைகுலுக்கும் கைகள், மேசைமேல் மடிக்கணினி. கேமராவை விட்டுவிட்டு சர்வரோடு குடித்தனம் நடத்தினேன். வந்தவர்களில் பெரும்பாலோர் இலவச வால்பேப்பர் தேடி வந்தவர்கள். மூன்று வருஷத்தில் விற்றது 41 படம். ஒருநாள் யாரோ ஒரே மூச்சில் ஆறு படம் வாங்கினார். குதித்துக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, அது திருட்டுக் கார்டு என்று பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அதற்கொரு அபராதக் கட்டணமும் பிடித்தார்கள். ஒரு பொருள் என்றால் திருப்பிக் கேட்கலாம். டவுன்லோட் ஆன கோப்பை எங்கே போய்க் கேட்பது? அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஏஜென்சி எடுத்துக்கொள்ளும் பெரிய பங்கு, வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்கான கூலி. என்னிடம் படம் இருந்தது, ஆள் இல்லை.

தனி ஆளால் முடியாதா என்று ஜான் ஓரிங்கரைக் காட்டியிருக்கிறாய். உண்மைதான், 2003-இல் தான் எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்துத்தான் அவர் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். ஆனால் அது எந்தக் காலம் என்று பார். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்ட பழைய ஏஜென்சிகள் ஒரு பக்கம், அந்த விலை கட்டாத சின்ன வடிவமைப்பாளர்கள் மறுபக்கம். நடுவில் பெரிய பள்ளம். 2000-இல் ஐஸ்டாக்கைத் தொடங்கிய புரூஸ் லிவிங்ஸ்டனும் அந்தப் பள்ளத்தில்தான் பாலம் போட்டார். 2006-இல் கெட்டி என்ற பெரிய பட ஏஜென்சி அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று மேகமும் மடிக்கணினியும் அன்ஸ்பிளாஷிலும் பெக்செல்ஸிலும் சும்மாவே கிடைக்கின்றன. அவற்றையும் பெரியவர்கள் வாங்கிவிட்டார்கள்: பெக்செல்ஸையும் பிக்சாபேயையும் 2019-இல் கான்வா என்ற வடிவமைப்புத் தளம், அன்ஸ்பிளாஷை 2021-இல் கெட்டி. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்குமே ஒன்றாகப் போவதாக அறிவித்தார்கள். அந்தச் சந்தைக்குள் பொதுக்கடை ஒன்றோடு போய் நிற்க வேண்டாம். போட்டோஷெல்டர் என்ற நிறுவனம்கூட ஸ்டாக் சந்தை ஒன்றை நடத்திப் பார்த்து 2008-இல் மூடிவிட்டு, புகைப்படக்காரர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுக்கிற வேலையோடு நின்றுகொண்டது.

ஆகவே உன் திட்டத்தில் இருக்கும் 'இயற்கை', 'தொழில்', 'குடும்பம்', 'பண்டிகை' என்ற பிரிவுகளை எடுத்துவிடு. உன்னிடம் இருக்கிற சொத்து வேறு. பதினெட்டு வருஷமாக நீ மண்டியிட்டு எடுத்த பயிர்ப் பூச்சிகள்.

மக்காச்சோளத்தைத் தின்னும் அமெரிக்கப் படைப்புழுவை எடுத்துக்கொள். 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் அது தலைகாட்டியபோது, பாடப்புத்தகம் போடுகிறவர், துண்டறிக்கை அச்சிடுகிறவர், பத்திரிகைக்காரர் எல்லோருக்கும் ஒரே படம்தான் தேவைப்பட்டது: தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வயிற்றின் எட்டாவது கண்டத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளி, இரண்டும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பெரிய தளங்களில் தேடினால் படைப்புழு என்ற கீவேர்டில், அதாவது தேடுசொல்லில், பச்சைக் காய்ப்புழுவும் வரும், வெட்டுப்புழுவும் வரும், ஏதோ ஒரு கம்பளிப்பூச்சியும் வரும். ஏற்றியவர் ஐம்பது கீவேர்டு அடுக்குவார், புழு என்னவென்று அவருக்கே தெரியாது. உன்னிடமோ முட்டைக்குவியல் இருக்கிறது, அதன்மேல் தாய் அந்து போர்த்திய ரோமத்தோடு. ஆறு பருவப் புழுவும் இருக்கிறது. குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரிக் கிடக்கும் எச்சம், இலையில் ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டிய தழும்பு, மண்ணுக்குள் கூட்டுப்புழு. இதைத் தொடராக வைத்திருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள் சொல்?

ஏஐ வந்த பிறகு இந்தச் சொத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து ஏஐ படங்களையும் விற்பனைக்கு ஏற்றுக்கொள்கிறது. மலையும் மேகமும் அப்படி உண்டாக்கினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. புழு அப்படியா? நெஞ்சில் மூன்று ஜோடி உண்மைக் கால், வயிற்றில் போலிக்கால் அதிகம் போனால் ஐந்து ஜோடி. அந்தக் கணக்குத் தப்பிய புழுவைப் பாடப்புத்தகத்தில் போட்டால் பதிப்பாசிரியரின் மானம் போகும். அந்தப் பதிப்பாசிரியர்தான் உன் வாடிக்கையாளர். இது இன்ன பூச்சி, இன்ன பருவம், இன்ன பயிரில் நானே எடுத்தது என்று பேர் போட்டுச் சொல்லும் ஒருவரை அவர் தேடுகிறார். அந்த உத்தரவாதத்துக்குத்தான் விலை. படம் அதோடு சேர்ந்து போகிறது.

அவர் உன்னைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்பாய். பூச்சியின் அறிவியல் பெயரைப் போட்டுத் தேடுகிறவரை உன்னிடம் கொண்டுவருவது முடிகிற காரியம்தான். ஒவ்வொரு பூச்சிக்கும் தனிப் பக்கம் எழுது. அடையாளம் எது, எதோடு குழப்பிக்கொள்வார்கள், எந்தப் படத்தில் எந்தக் குறி தெரிகிறது என்று நீ பேசுகிற மாதிரியே எழுது. கூகுள் 2020-இல் படத் தேடலில் உரிமக் குறி ஒன்றைக் கொண்டுவந்தது. படக் கோப்புக்குள்ளேயே தகவல் எழுதி வைக்கும் ஐபிடிசி மெட்டாடேட்டாவில் உரிமப் பக்கத்தின் முகவரியையும், உரிமம் வாங்குகிற இடத்தின் முகவரியையும் எழுதி வைத்தால், தேடல் முடிவில் படத்தின்மேல் அந்தக் குறி விழும், வாங்குகிற இணைப்பும் கூடவே வரும். ஏஜென்சி படத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. ஒன்றை மட்டும் கவனி: சிறுபடம் உண்டாக்கும் மென்பொருள் சில, மெட்டாடேட்டாவைத் துடைத்தெறிந்துவிடும். ஏற்றிய பிறகு தளத்திலிருந்தே ஒரு படத்தை இறக்கிச் சோதித்துப் பார். நான் அதைப் பார்க்காமல் விட்டேன். எட்டாயிரம் படத்திலும் என் பெயர் இல்லை.

தளம் கட்டுவது பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் அவ்வளவு யோசனை வேண்டாம். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், டிஜிட்டல் கோப்பு விற்கும் பிளகின் என்ற துணைக்கருவி ஒன்று போதும். பெரிய கோப்பு பொதுவெளியில் கிடக்காமல், பணம் கட்டியவருக்கு மட்டும் சில மணி நேரம் செல்லும் இணைப்பாகப் போக வேண்டும். திருடாமல் இருக்கப் படத்தின்மேல் மங்கலாகப் பெயர் பதிக்கும் வாட்டர்மார்க் போடு, ஆனால் புழுவின் தலைமேல் போடாதே, அங்கிருக்கும் 'ஒய்' குறியைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

வரிதான் கொஞ்சம் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரியிலிருந்து டிஜிட்டல் பொருளுக்கு, வாங்குகிற தனிநபர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு வரி. வெளியிலிருந்து விற்பவரையும் அது பிடிக்கும். விற்பவர் என்ற இடத்தில் தாங்களே நின்று, வரியையும் கட்டிவிட்டு மீதியை நமக்குத் தரும் இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டணம் சற்றுக் கூடத்தான். ஆனாலும் முதல் வருஷம் அப்படியே போ. ராத்திரித் தூக்கம் மிஞ்சும்.

இனி நான் கண்டிப்பாக நிற்கிற இரண்டு இடங்கள்.

முதலாவது, மற்றவர்கள் படத்தையும் வாங்கிப் போடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். அடுத்தவர் படம் ஒன்றை ஏற்றிய நிமிஷமே நீயும் ஓர் ஏஜென்சி. அவர் படம் உண்மையில் அவருடையதா, படத்தில் இருக்கும் ஆள் கையெழுத்துப் போட்டாரா, மருந்து டப்பாவில் தெரியும் கம்பெனிச் சின்னத்துக்கு என்ன செய்வது, மாதம் பிறந்தால் அவருக்குப் பங்கு அனுப்புவது, எல்லாம் உன் தலையில் விழும். எல்லாவற்றுக்கும் மேல், அவர் வெட்டுப்புழுவைப் படைப்புழு என்று அனுப்பி, அது உன் பெயரில் அச்சேறிவிட்டால் நீ சேர்த்த நம்பிக்கை போயிற்று. பிற்பாடு நிஜமாகவே பலர் சேர வேண்டும் என்றால் ஸ்டாக்ஸி போல யோசிக்கலாம். ஐஸ்டாக்கைத் தொடங்கிய அதே லிவிங்ஸ்டன், பின்னாளில் வேறு சிலரோடு சேர்ந்து கூட்டுறவாக அமைத்தது அது. சாதாரண உரிமத்தில் படம் எடுத்தவருக்கு 50 சதவீதம், கூடுதல் பயன்பாட்டுக்கான விரிவான உரிமத்தில் 75. மலிவு விலைக்கு வழி திறந்த மனிதரே அடுத்ததாக அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது எனக்கு இன்றும் ஆறுதலான விஷயம்.

இரண்டாவது, ஏஜென்சியில் கிடக்கும் அதே படத்தை உன் தளத்தில் வைக்காதே. படத்தையே போட்டுத் தேடும் வசதி எல்லோரிடமும் இருக்கிறது. நீ நாற்பது டாலர் சொல்லும் படம் சந்தாக்காரருக்குச் சில்லறைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்த மறுநிமிஷம் உன் விலைக்கு மரியாதை இல்லை. பொதுவான படங்கள் அங்கேயே இருக்கட்டும், மாதம் வருகிறது வரட்டும். தொடர் படங்களை மட்டும் பிரித்து உன்னிடம் வைத்துக்கொள். ஏற்கெனவே ஏற்றியவற்றை எடுக்க நினைத்தால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படி. அவர்களுக்கு மட்டுமே என்று உரிமை கொடுத்திருக்கிறாயா, நீக்கிய பிறகும் எத்தனை நாள் விற்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதைத் தேடு. நீ கையெழுத்துப் போடும்போது படிக்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும்.

வேலையை விட்டுவிடவா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய், அதுவும் பென்சிலால். விடாதே சரோ. இதற்கு வருகிறவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். வந்தவர் மறுபடி வருவார், அடுத்த புத்தகத்துக்கும் உன்னைத்தான் கேட்பார், ஆனால் முதல் வருஷம் கை வறண்டுதான் இருக்கும். அந்த வறட்சியைத் தாங்க ஒரு சம்பளம் வேண்டும். நான் விட்டேன், பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த மூன்று வருஷம் உன்னோடு பேசாமல் இருந்ததற்கும் அந்த வெட்கம்தான் காரணம். நீ நினைத்த காரணம் இல்லை. இதை நேரில் சொல்ல எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை.

ஒன்று செய். படைப்புழுத் தொடரை மட்டும் முதலில் எடுத்து வை. முட்டையிலிருந்து அந்து வரை, நாற்பது படத்துக்குள். ரா கோப்பாகவே அனுப்பு. நிறத்தை நான் பார்க்கிறேன், இப்போது என் கண்ணை நம்பலாம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், பருவம், பயிர், தேதி நாலையும் நீயே உன் கையால் எழுது, அதில் நான் கை வைக்க மாட்டேன். போன தடவை காட்டினாயே, காற்றில் இலை ஆடி முட்டைக்குவியல் கலங்கிப்போன படம், அதைச் சேர்க்காதே. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள், அதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது.

உன் வீட்டுக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுதவே இல்லையே.

அன்புடன்,
வசந்தி